பள்ளியில் மாத்திரை கொடுப்பது யார் வேலை?

2023 மார்ச் மாதம் உதகமண்டலத்தில் ஒரு நகராட்சிப் பள்ளி. ரத்தசோகையைத் தடுக்க அரசு கொடுத்திருந்த இரும்புச்சத்து மாத்திரைகளை, யார் அதிகம் விழுங்குவது என்று மாணவர்கள் சிலர் போட்டி போட்டுச் சாப்பிட்டார்கள். அவர்களில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். சத்து மாத்திரை எப்படி உயிரைப் பறிக்கும் என்று அப்போது பலரும் கேட்டார்கள். அதற்கு மருத்துவத்தில் தெளிவான பதில் இருக்கிறது, கீழே பார்ப்போம். அரசுப் பள்ளியில் மருந்தை வைத்திருப்பவர் யார், கொடுப்பவர் யார், கொடுத்த பிறகு கவனிப்பவர் யார் என்ற கேள்விக்குத்தான் இன்றுவரை தெளிவான பதில் இல்லை.

சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்ளும் குழந்தை, வலிப்பு வரும் குழந்தை, ஆஸ்துமா உள்ள குழந்தை என்று ஒவ்வொரு பள்ளியிலும் சிலர் படிக்கிறார்கள். அவர்களின் பெற்றோர் தினமும் எதிர்கொள்வதும் இதே கேள்வியைத்தான். அடியிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம்.

பள்ளிக்குள் இன்று வரும் மருந்துகள்

தமிழகத்தின் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு மருந்து மூன்று வழிகளில் வருகிறது.

1. எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாகத் தரப்படுபவை. 10 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு வாரம் ஒரு இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரை. தமிழகத்தில் பெரும்பாலும் வியாழக்கிழமை, மதிய உணவுக்குப் பிறகு தரப்படும் நீல நிற மாத்திரை இதுதான். இன்னொன்று குடற்புழு நீக்கத்துக்கான அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் மாத்திரை. 2015இல் தொடங்கிய தேசியக் குடற்புழு நீக்க நாள் திட்டத்தில் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாள்களை ஒட்டி இதை மென்று தின்னக் கொடுக்கிறார்கள். இரண்டையும் குழந்தையின் கையில் கொடுப்பவர் ஆசிரியர்.

2. மருத்துவப் பணியாளர்கள் நேரில் வந்து தருபவை. 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டிடி (டெட்டனஸ், டிப்தீரியா) தடுப்பூசியைக் கிராம சுகாதார செவிலியர் வந்து போடுகிறார். 2017 பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோதும் ஊசி ஆசிரியர் கைக்குப் போகவில்லை. வாட்ஸ்அப் வதந்தியால் பயந்துபோன பெற்றோரைச் சமாதானப்படுத்துவது மட்டும் ஆசிரியர்கள் தலையில் விழுந்தது.

3. ஒரு குறிப்பிட்ட குழந்தைக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்தவை. இன்சுலின், வலிப்பு மருந்து, இன்ஹேலர், மதியம் ஒரு வேளை விழுங்க வேண்டிய ஆன்டிபயாடிக். முதல் இரண்டு வகைக்கும் திட்டமும் பதிவேடும் உண்டு. மூன்றாவது வகை வீட்டிலிருந்து புத்தகப் பையில் வருகிறது. அது வருவது பள்ளிக்குத் தெரியலாம், தெரியாமலும் போகலாம்.

இவற்றோடு ஆண்டுக்கு ஒருமுறை உடல் பரிசோதனையும் நடக்கிறது. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ் மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர் அடங்கிய நடமாடும் குழு பள்ளிக்கு வருகிறது. பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய், வளர்ச்சித் தாமதம் என்ற நான்கு தலைப்புகளில் 30 பாதிப்புகளைத் தேடிக் கண்டுபிடித்து மேல்சிகிச்சைக்கு அனுப்புவது அவர்கள் வேலை. அந்த 30இல் வலிப்பு உண்டு, மூச்சுக்குழாய் நோய் உண்டு. டைப் 1 சர்க்கரை நோய் இல்லை. அதைவிட முக்கியம், அந்தக் குழு கண்டுபிடிக்கத்தான் வருகிறது. மறுநாள் மதியம் அந்தக் குழந்தைக்கு மருந்து கொடுக்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

ஒரு மாத்திரைக்குள் நான்கு வேலைகள்

‘மருந்து கொடுப்பது’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். விவாதம் குழம்புவது இங்கேதான். அதற்குள் நான்கு வேலைகள் இருக்கின்றன.

1. முடிவெடுத்தல்: எந்த மருந்து, எவ்வளவு, எப்போது, யாருக்குக் கூடாது.
2. வைத்திருத்தல்: பூட்டு, வெப்பநிலை, காலாவதித் தேதி, எண்ணிக்கை.
3. கையில் கொடுத்தல்: சரியான குழந்தைக்குச் சரியான அளவைத் தந்து, விழுங்கியதைப் பார்த்து, எழுதிவைத்தல்.
4. பின்கவனிப்பு: வாந்தி, மயக்கம், ஒவ்வாமை வந்தால் அடையாளம் கண்டு உடனே செயல்படுதல்.

முதல் வேலை மருத்துவருடையது. அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மற்ற மூன்றும் எழுத்தில் யாருக்கும் முழுமையாக ஒப்படைக்கப்படாததால், வகுப்பறையில் யார் இருக்கிறாரோ அவர் மேல் விழுகின்றன.

சத்து மாத்திரை நஞ்சாவது எப்படி

ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019–21) தமிழகத்தில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஆகவே மாத்திரை வேண்டும். அதை நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்ல இடமில்லை.

ஆனால் உடலுக்குள் போன இரும்பை வெளியே தள்ள நம் உடலில் வழி கிடையாது. குடல் வாசலிலேயே அளவு பார்த்து உள்ளே விடுவதுதான் ஒரே பாதுகாப்பு. ஒரேயடியாக நிறைய விழுங்கும்போது இரும்பு குடல் சுவரையே அரித்துவிட, அந்தக் காவல் உடைந்துபோகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை பெரும்பாலும் பெரிய தீங்கு இருக்காது. 60 மில்லிகிராமைத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 40 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 40 மாத்திரை அந்த எல்லை. 20 கிலோ எடையுள்ள தம்பியோ தங்கையோ எடுத்துத் தின்றால் 20 மாத்திரையே அந்த எல்லை. நான்கைந்து அட்டைகள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தால் போதும்.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. முதல் ஆறு மணி நேரம் வாந்தியும் வயிற்றுவலியும் இருக்கும். அதன் பிறகு குழந்தை தேறிவிட்டதுபோலத் தெரியும். வாந்தி நின்றுவிட்டது என்று வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். அடுத்த சில நாள்களுக்குள் கல்லீரல் செயலிழக்கத் தொடங்கும். இந்த இடைக்கால அமைதி ஏமாற்று என்பதைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். நான்காவது வேலையான பின்கவனிப்பு என்பது இதுதான். இதற்கு முன்னால் இரண்டாவது வேலை, அதாவது அட்டைகளை எண்ணி அலமாரியில் பூட்டிவைப்பது, ஒழுங்காக நடந்திருந்தால் நான்காவதுக்குத் தேவையே வந்திருக்காது. மாத்திரையை விநியோகிக்க நாம் காட்டிய அக்கறையில் பாதியைக்கூடப் பூட்டுக்குக் காட்டவில்லை.

சட்டம் எங்கே நிற்கிறது

இதைப் பற்றி நேரடியாகப் பேசும் தனிச் சட்டம் எதுவும் கைக்குக் கிடைப்பதில்லை. பல சட்டங்களின் ஓரங்களைச் சேர்த்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

1948ஆம் ஆண்டு மருந்தியல் சட்டத்தின் 42ஆவது பிரிவு, மருத்துவரின் சீட்டுக்கு மருந்து தயாரித்து வழங்குவதைப் பதிவு பெற்ற மருந்தாளுநருக்கே ஒதுக்குகிறது. ஏற்கெனவே கடையில் வாங்கிய மருந்தைக் குழந்தைக்கு எடுத்துக் கொடுப்பது வேறு செயல். அதைத் தாய் செய்கிறாள், பாட்டி செய்கிறாள். ஆசிரியர் செய்யலாமா?

2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆவது பிரிவைப் பாருங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் ஆகிய மூன்றைத் தவிர வேறு கல்விசாராப் பணிகளில் ஆசிரியரை அமர்த்தக் கூடாது என்கிறது. எமிஸ் எனப்படும் பள்ளிக்கல்வி இணையதளத்தில் விவரங்களைப் பதிவேற்றுவதிலேயே பாதி நாள் போகிறது என்று சொல்லும் ஆசிரியர்கள், மருந்துப் பதிவேட்டையும் நீட்டினால் இந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டுவதில் நியாயம் இருக்கிறது. அதே சட்டத்தின் அட்டவணை, பள்ளிக்குச் சமையற்கூடம் வேண்டும், நூலகம் வேண்டும், சுற்றுச்சுவர் வேண்டும் என்று பட்டியல் போடுகிறது. நோயுற்ற குழந்தை படுக்க ஓர் அறையோ பள்ளிச் செவிலியரோ அந்தப் பட்டியலில் இல்லை.

ஆசிரியர்களைத் தயங்கவைப்பது இன்னொரு பயம்: “கொடுத்து ஏதாவது ஆகிவிட்டால்?” இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இதற்கு இரண்டு பிரிவுகள் துணை நிற்கின்றன. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தையின் நன்மைக்காக, பாதுகாவலரின் சம்மதத்தோடு நல்லெண்ணத்தில் செய்யும் செயலுக்கு 27ஆவது பிரிவும், சம்மதம் கேட்க நேரமில்லாத அவசரத்தில் ஒருவரின் நன்மைக்காகச் செய்யும் செயலுக்கு 30ஆவது பிரிவும் பாதுகாப்பு தருகின்றன. ஒன்றைக் கவனிக்க வேண்டும். உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்ததை நல்லெண்ணம் என்று சட்டம் ஏற்பதில்லை. பயிற்சியும் எழுத்துப்பூர்வமான சம்மதமும் இருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு வலுவாக நிற்கும்.

2020இல் வந்த ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டம், பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களை நலத் தூதர்களாகப் பயிற்றுவிக்கச் சொன்னது. அது நல்வாழ்வுப் பாடம் நடத்துவதற்கான ஏற்பாடு. நோயுள்ள குழந்தையைத் தினமும் பார்த்துக்கொள்வதற்கானது அல்ல.

மதியம் பன்னிரண்டரை மணி

டைப் 1 சர்க்கரை நோயுள்ள ஒரு குழந்தையின் மதிய நேரத்தை நெருங்கிப் பார்த்தால் பிரச்சினையின் முழு அளவும் தெரியும்.

இந்தக் குழந்தையின் கணையம் இன்சுலின் சுரப்பதில்லை. மாத்திரை உதவாது, ஊசி மட்டுமே வழி. நல்ல கட்டுப்பாட்டுக்கு ஒவ்வொரு வேளை உணவுக்கு முன்பும் ஓர் ஊசி வேண்டும், அதாவது ஒன்று பள்ளியில். அதற்கு வழியில்லாத குடும்பங்கள் காலையிலும் இரவிலும் மட்டும் போடும் கலவை இன்சுலினோடு நாளைக் கடத்துகின்றன. அப்போது பள்ளியில் ஊசி தேவைப்படாது. ஆனால் காலையில் போட்ட மருந்து மதியம் வரை வேலை செய்துகொண்டே இருக்கும். பதினோரு மணிக்கு ஏதாவது சாப்பிட வேண்டும். மதிய உணவு அரை மணி தள்ளிப்போகக் கூடாது. விளையாட்டு விழா ஒத்திகையிலோ நீண்ட காலை வழிபாட்டிலோ சாப்பாடு தாமதமானால் ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்.

அப்போது வகுப்பறையில் தெரிவது என்ன? வியர்வை, கை நடுக்கம், எரிச்சல், பிறகு தூக்கம். பின்வரிசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்ட பிள்ளையை ‘சோம்பேறி’ என்று நினைத்து எழுப்பி நிற்கவைக்கும் ஆசிரியர் கெட்டவர் இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை. செய்ய வேண்டியது எளியது: மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்பது, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்ப்பது, பிறகு சாப்பிட வைப்பது. நினைவிழந்திருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழைப்பது. அந்தக் குழந்தையைத் தனியாக அலுவலக அறைக்கு நடக்கவிடாமல் இருப்பது. இதைக் கற்றுத்தர அரை மணி நேரம் போதும்.

ஊசியை அப்படி எளிதாகச் சொல்லிவிட முடியாது. நம் ஊரில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 அலகு. பேனாவில் வருவது 100 அலகு. சிரிஞ்சிலும் இரண்டு வகை உண்டு: சிவப்பு மூடி 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. 100 அலகு மருந்தை 40க்கான சிரிஞ்சில் எடுத்தால், கோடு 10 என்று காட்டும்போது உள்ளே இருப்பது 25 அலகு. இரண்டரை மடங்கு. மூடியின் நிறத்தைப் பார்க்கத் தெரியாதவர் கையில் இந்த ஊசியைக் கொடுக்கக் கூடாது. பார்க்கத் தெரிந்தவர் கையில் கொடுக்கத் தயங்கவும் தேவையில்லை. வெயில் இன்னொரு சிக்கல். குளிர்பெட்டி இல்லாத பள்ளியில் ஈர மணல் இட்ட மண்பானைக்குள் வைப்பது பல வீடுகளில் கைகொடுத்திருக்கும் வழி.

இப்போது நடப்பது வேறு. மதிய மணி அடிக்கும்போது தாய் பள்ளி வாசலில் வந்து நிற்கிறாள். அதற்காகக் கூலி வேலையை விடுகிறாள். வர முடியாத நாளில் எட்டு வயதுப் பிள்ளை கழிப்பறைக்குள் போய்த் தானே குத்திக்கொள்கிறது. நோயை மறைத்துப் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோரும் உண்டு. பொதுத்தேர்வில் இந்த மாணவர்கள் சர்க்கரை வில்லை, பழம், தண்ணீர் கொண்டுவரலாம் என்று சிபிஎஸ்இ 2017இல் அனுமதித்தது. வகுப்பிலேயே சர்க்கரை அளவு பார்க்கவும் இன்சுலின் போடவும் இடைவேளை உணவு உண்ணவும் அனுமதிக்குமாறு தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. அனுமதி நல்லது. ஆனால் ‘போட்டுக்கொள்ளலாம்’ என்பதற்கும் ‘போட உதவ ஒருவர் இருப்பார்’ என்பதற்கும் நடுவே ஒரு ஆரம்பப் பள்ளிப் பிள்ளையின் பாதி வாழ்க்கை கிடக்கிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை நோயுள்ள பெரியவர்களின் வீட்டு வாசலுக்கே மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுக்கிறது. தாத்தாவைத் தேடிப் போகும் அரசு, பேத்தி இருக்கும் பள்ளியையும் தேடிப் போக வேண்டும் என்று கேட்பது அதிகப்படியான ஆசையாக எனக்குத் தோன்றவில்லை.

வலிப்பும் ஆஸ்துமாவும்

இந்த இரண்டிலும் தேவைப்படுவது பெரும்பாலும் மருந்தைவிடச் சரியான முதலுதவி. வலிப்பு வந்த குழந்தையின் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதும், பற்களுக்கிடையே கரண்டியை நுழைப்பதும் இன்னும் நடக்கிறது. முதலாவதால் பயனில்லை, இரண்டாவதால் பல் உடையும், மூச்சு அடைக்கும். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, சுற்றியுள்ள பெஞ்சுகளை நகர்த்தி, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அவசரநிலை. அதற்கென மூக்கில் அடிக்கும் மிடசோலாம் மருந்து இருக்கிறது. மருத்துவர் எழுதித் தந்து, காட்டியும் தந்தால், மருத்துவம் படிக்காதவரும் பயன்படுத்தலாம்.

ஆஸ்துமாவில் மருந்து குழந்தையின் சட்டைப் பையில் இருக்க வேண்டும். இன்ஹேலரைத் தலைமையாசிரியர் மேசையில் பூட்டிவைப்பது ஆபத்து. இரும்பு மாத்திரைக்குப் பூட்டு; இன்ஹேலருக்குத் திறந்த கை. எல்லா மருந்துக்கும் ஒரே விதி போட்டுவிட முடியாது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டாம்.

மற்ற நாடுகள் எங்கே முட்டிக்கொண்டன

நியூயார்க் நகரப் பள்ளிகளில் ஒரு காலத்தில் மருத்துவர்கள் வந்து படை, கண்நோய், பேன் என்று கண்டுபிடித்துக் குழந்தைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் வைத்தியம் பார்க்க ஆளில்லாமல் அவர்கள் தெருவிலேயே திரிவார்கள். 1902இல் லினா ரோஜர்ஸ் என்ற செவிலியரை நான்கு பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். அவர் பள்ளியிலேயே மருந்து போட்டார், வீட்டுக்குப் போய்த் தாய்மாருக்குக் கற்றுக்கொடுத்தார். விடுப்பு மளமளவென்று குறைந்தது. கண்டுபிடித்து அனுப்பிவிடுவது மட்டும் சிகிச்சை ஆகாது என்பது 120 ஆண்டுகளுக்கு முன்பே விளங்கிவிட்ட சங்கதி.

கலிஃபோர்னியாவில் வழக்கு நடந்தது. பள்ளியில் செவிலியர் இல்லாத நேரத்தில் பயிற்சி பெற்ற ஊழியர் இன்சுலின் போடலாமா? கூடாது, அது செவிலியர் பணி என்றது செவிலியர் சங்கம். போடாவிட்டால் பிள்ளைகள் பள்ளிக்கே வர முடியாது என்றார்கள் பெற்றோர். 2013 ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம், மருத்துவரின் எழுத்துப்பூர்வ ஆணையும் பெற்றோரின் சம்மதமும் இருந்தால் பயிற்சி பெற்ற ஊழியர் போடலாம் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. செவிலியர் சங்கத்தின் அச்சம் பொய்யில்லை. மலிவான மாற்று கிடைத்துவிட்டால் செவிலியர் பணியிடத்தை அரசு நிரப்பாமல் விட்டுவிடும்.

இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டு குழந்தைகள், குடும்பங்கள் சட்டத்தின் 100ஆவது பிரிவு, நோயுள்ள மாணவருக்கு ஏற்பாடு செய்வதைப் பள்ளி நிர்வாகத்தின் கடமையாக்கியது. எந்த ஆசிரியரையும் மருந்து கொடுக்குமாறு கட்டாயப்படுத்தக் கூடாது என்பதை அதோடு வந்த வழிகாட்டுதல் தெளிவாக்கியது. கடமை நிறுவனத்துக்கு, விருப்பம் தனிமனிதருக்கு. நம் சூழலுக்கும் இந்தப் பிரிப்புதான் பொருந்தும் என்பது என் எண்ணம்.

தமிழகத்தில் என்ன செய்ய முடியும்

ஏறத்தாழ 37,000 அரசுப் பள்ளிகள் உள்ள மாநிலத்தில் பள்ளிக்கு ஒரு செவிலியர் என்பது உடனே நடக்காது. அவற்றில் பல, இரண்டே ஆசிரியர் உள்ள தொடக்கப் பள்ளிகள். ஆனால் நமக்கு ஏற்கெனவே ஒரு முன்மாதிரி இருக்கிறது. மாற்றுத்திறனாளி மாணவர்களுக்காக வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் பணியில் இருந்துகொண்டு பள்ளி பள்ளியாகப் போகிறார்கள். அதேபோல, அருகருகே உள்ள சில பள்ளிகளை இணைக்கும் ஒவ்வொரு குறுவள மையத்துக்கும் ஒரு பள்ளிச் செவிலியரை அமர்த்தலாம். ஒப்பந்தச் செவிலியர்கள் பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்காரும் மாநிலத்தில் படித்த ஆள்களுக்குப் பஞ்சமில்லை. அந்தச் செவிலியரின் வேலை இவ்வாறு அமையலாம்:

1. நாள்பட்ட நோயுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் மருத்துவர், பெற்றோரோடு பேசி ஒரு பக்கத்தில் பராமரிப்புத் திட்டம் எழுதுதல்.
2. பள்ளிக்கு இருவரைத் தேர்ந்து பயிற்றுவித்தல். ஆசிரியர்தான் வேண்டும் என்பதில்லை. சத்துணவு அமைப்பாளரோ அலுவலக உதவியாளரோ விரும்பி முன்வந்தால் போதும். அதற்கு ஊக்கத்தொகை தர வேண்டும்.
3. இரும்பு மாத்திரை இருப்பை எண்ணிப் பார்த்தல். ஒரு வாரத்துக்கு உரியதை மட்டும் வெளியே வைத்து, மீதியைப் பூட்டுதல்.
4. ஊசி முதலியவற்றில் பயிற்சி பெற்றவர் செய்வதை நேரில் பார்த்துக் கையெழுத்திடுதல். தவறு நடந்தால் பதில் சொல்லும் பொறுப்பு செவிலியருக்கும் அவர் துறைக்கும்.

நான்காவதுதான் மிகவும் முக்கியம். பொறுப்பு ஆசிரியரின் தனித் தலையில் விழாது என்று தெரிந்தால், உதவ முன்வரும் ஆசிரியர்கள் நம் பள்ளிகளில் நிறையவே இருக்கிறார்கள்.

அதுவரை பெற்றோர் கையில் இருப்பது

1. நோயைப் பள்ளியிடம் மறைக்க வேண்டாம். சேர்க்கையின்போதே தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.
2. மருத்துவரிடம் மருந்தின் பெயர், அளவு, நேரம், அவசரத்தில் செய்ய வேண்டியது ஆகியவற்றைத் தமிழில் ஒரே தாளில் எழுதித் தரக் கேளுங்கள். மருந்துக்கடைச் சீட்டு போதாது.
3. மருந்தை அதன் அசல் அட்டையிலோ குப்பியிலோ, குழந்தையின் பெயரும் வகுப்பும் ஒட்டி அனுப்புங்கள். காகிதத்தில் மடித்த மாத்திரையை ஆசிரியர் மறுத்தால் அவர் செய்வது சரி.
4. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை. பூட்டுள்ள மருந்து அலமாரி, படுக்க ஒரு கட்டில், தொலைபேசி எண்கள் எழுதிய பலகை ஆகியவற்றை அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகவே கொண்டுவரலாம்.
5. ஆண்டுக்கு ஒருமுறை அந்தத் தாளைப் புதுப்பியுங்கள். பிள்ளையின் எடை ஏறியிருக்கும். மருந்தின் அளவும் மாறியிருக்கும்.